சித்தப்பா குதிகாலில் முள்

நேற்று மன்னார்குடிப் பக்கம் சித்தப்பா வீட்டில் இருந்தேன். நடவு வயலிலிருந்து ஏறி வாய்க்காலில் காலைக் கழுவுகிறார், குதிகாலில் கருவேல முள் பாதி முறிந்து நிற்கிறது, மனுஷனுக்குத் தெரியவே இல்லை. பத்து வருஷச் சர்க்கரை, பாதம் மரத்துவிட்டது. சித்தி ஊசியால் நெம்பி எடுத்தபோதும் முகம் சுளிக்கவில்லை. கழுத்து மடிப்பில் கறுத்துத் தடித்திருப்பதை அழுக்கென்று இத்தனை நாள் பீர்க்கங்காய் நாரால் தேய்த்திருக்கிறார். அது பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம்.

இதே மரத்துப்போதல் வெளிறிய தேமலில் இருந்தால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். வெள்ளைத் தோலில் சிவப்பாகத் தெரியும் சொரியாசிஸ் என்ற செதில் உதிரும் தோல்நோய் நம் நிறத்தில் ஊதாவாகவோ பழுப்பாகவோ தெரியும். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் நமக்கு அபூர்வம், வந்தால் அதிகமும் உள்ளங்காலில், நகத்தடியில். அங்கே யார் பார்க்கிறார்கள்?

சரி, செருப்பு வாங்கிக் கொடுத்தேன். “சேத்துல இதப் போட்டு எப்படிடா எறங்குறது?” என்கிறார்.