வீட்டுப் பட்டறைக்கு லேபிள் பிரிண்டர்: ஒட்டிப் பார்த்து எடுத்த முடிவு

லேபிள் பிரிண்டர் வாங்கும்போது இயந்திரத்தின் விலையைத்தான் முதலில் பார்க்கிறோம். ஆனால் எண்ணெயும் தூசியும் வெயிலும் சேர்ந்த ஒரு பட்டறையில் முதலில் கவனிக்க வேண்டியது, எழுத்து எந்த முறையில் பதிகிறது, எதன்மீது பதிகிறது என்பதுதான். மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் இருக்கும் என் பட்டறையில் ரெசிஸ்டர் டப்பாக்கள் முதல் ஸ்க்ரூ, வாஷர் டிராயர்கள் வரை எல்லாவற்றுக்கும் பெயர் ஒட்டும் வேலையைத் தொடங்கியபோது, இரண்டு வகை லேபிள்களையும் உண்மையான பரப்புகளில் ஒட்டிப் பார்த்த பிறகே எதையும் முடிவு செய்வது என்று வைத்துக்கொண்டேன்.

முதல் வகை நேரடி வெப்ப அச்சு. இதில் மையும் இல்லை, ரிப்பனும் இல்லை. தாளின் மேற்பூச்சிலேயே நிறமற்ற சாயமும் அதைக் கறுக்கச் செய்யும் வேதிப்பொருளும் கலந்திருக்கின்றன. அச்சுத் தலை சூடேறும் புள்ளிகளில் இரண்டும் உருகிச் சேர்ந்து எழுத்தாகின்றன. ஏடிஎம் ரசீதும் இதே முறையில்தான் அச்சாகிறது. கைப்பேசியோடு ப்ளூடூத்தில் இணையும் விலை குறைந்த சிறிய இயந்திரங்களில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. நண்பரிடம் வாங்கிய அப்படியொரு இயந்திரத்தில் அடித்த லேபிள்களைச் சன்னலோரத்திலும், தின்னர் பாட்டில் மீதும், சால்டரிங் மேசையிலும் ஒட்டினேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்ததும் தாள் லேபிளின் பின்னணி கறுத்து எழுத்து அதற்குள் மறைந்துபோனது; சன்னலோரத்தில் இருந்தது நாளடைவில் வெளிறியது. இது இயந்திரத்தின் கோளாறு அன்று, அந்த முறையின் இயல்பு. கூரியர் உறைக்கும் சமையலறை டப்பாவுக்கும் அந்த ஆயுள் போதும், பட்டறைக்குப் போதாது.

இரண்டாவது வகை வெப்பப் பரிமாற்ற அச்சு. ரிப்பனில் உள்ள மை சூட்டினால் டேப்புக்கு இடம் மாறுகிறது. பிரதர் நிறுவனத்தின் பி-டச் இயந்திரங்களுக்கான டிஇசட்இ லேமினேட் டேப்புகளில் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது: எழுத்து ஒளிபுகும் படலத்தின் அடிப்புறத்தில் தலைகீழ் பிம்பமாக அச்சாகி, அதன்மேல் பசையுள்ள டேப் வந்து ஒட்டிக்கொள்வதால், மை இரண்டு அடுக்குகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது. அதே ஆல்கஹாலையும் மெஷின் ஆயிலையும் வைத்துத் துடைத்தபோது இதில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. கடைகளில் பார்க்கும் டிஎஸ்சி, ஜீப்ரா நிறுவனங்களின் 4 அங்குல இயந்திரங்களில் பலவும் ரிப்பனில் அச்சிடக்கூடியவைதான். பாலியெஸ்டர் லேபிளும் ரெசின் (பிசின்) மை பூசிய ரிப்பனும் போட்டால் மிக உறுதியாக நிற்கும். ஆனால் அவை மேசையில் பிடிக்கும் இடமும், ஒரு நேரத்தில் வாங்க வேண்டிய ரோல்களின் அளவும் ஒரு வீட்டுக்கு அதிகம்.

அச்சு நிலைத்தால் மட்டும் போதாது, லேபிள் ஒட்டியும் நிற்க வேண்டும். நாம் மறுபடியும் பயன்படுத்தும் உணவு டப்பாக்களும் ஸ்க்ரூ பெட்டிகளும் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீனால் ஆனவை. மேற்பரப்பு ஆற்றல் குறைவான இந்தப் பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை பிடிப்பதில்லை. கூரைச் சூட்டில் லேபிளின் மூலைகள் மெல்ல எழும்பிவிடுகின்றன. பரப்பை ஆல்கஹாலால் துடைத்து உலரவிட்டு, டிஇசட்இ டேப்புகளிலேயே எஸ் என்ற குறியீட்டோடு வரும் வலுவான பசை டேப்பை அழுத்தி ஒட்டி, ஒரு நாள் தொடாமல் விட்ட பிறகு அந்தத் தொல்லை நீங்கியது. தகர டிராயர்களுக்குச் சாதாரண டேப்பே போதுமானது.

தமிழில் பெயர் வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்ததால், விசைப்பலகை மட்டும் உள்ள மாடல்களைத் தவிர்த்துவிட்டு, கணினியோடும் கைப்பேசியோடும் இணையும் பி-டச் வகையின் பிடி-பி710பிடி மாடலைத் தேர்ந்தெடுத்தேன். இது 24 மி.மீ. அகலம் வரை டேப் ஏற்கும், தானாகவே வெட்டும். இதன் அச்சுத் திறன் 180 டிபிஐ (அங்குலத்துக்கு 180 புள்ளிகள்), அதாவது மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 7 புள்ளிகள். ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் இது தாராளம். மேலே விசிறியும் கீழே வளைவும் கொண்ட நம் எழுத்துகளுக்கு இது நெருக்கடிதான். 12 மி.மீ. டேப்பில் இரண்டு வரி அடித்தால் மெய்யெழுத்தின் புள்ளி உடலோடு ஒட்டிக்கொள்கிறது, ணகரத்தின் சுழிகள் அடைந்து னகரமாகத் தெரிகிறது. ஆகவே 12 மி.மீ.க்கு ஒரு வரி, இரண்டு வரிக்கு 18 மி.மீ. என்று வைத்துக்கொண்டேன், தடித்த எழுத்துருவைத் தவிர்க்கிறேன். சொற்களை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அமைத்து கறுப்பு வெள்ளைப் படமாகச் சேமித்து பிரிண்டரின் மென்பொருளில் சேர்ப்பது, எழுத்து சிதறாமல் வருவதற்கு நம்பகமான வழியாக இருக்கிறது.

செலவைத் தீர்மானிப்பது டேப்தான். ஒரு கேசட்டில் 8 மீட்டர் இருக்கும். அச்சுத் தலைக்கும் கத்திக்கும் இடையிலுள்ள தூரத்தால் தனித்தனியாக அடிக்கும் ஒவ்வொரு லேபிளுக்கும் முன்னால் சுமார் 25 மி.மீ. வெற்று டேப் போகிறது. 5 செ.மீ. லேபிள்களை ஒவ்வொன்றாக அடித்தால் நூற்றைச் சற்றுத் தாண்டும். தொடர் அச்சில் சேர்த்து அடித்தால் 160க்கு அருகில் கிடைக்கும். அதனால் பெயர்களை ஒரு தாளில் சேர்த்து வைத்து, ஒரு வரிசை டிராயர் முழுமைக்கும் ஒரேயடியாக அடிக்கிறேன்.

டிராயர்களும் பெட்டிகளும் முடிந்துவிட்டன. இப்போது பவர் சப்ளை ஒயர்களுக்கு வந்திருக்கிறேன். வட்டமான ஒயரில் சாதாரண லேமினேட் டேப் சுற்றினால் அதன் விறைப்பே அதைப் பிரித்துவிடும் என்பதால், எஃப்எக்ஸ் வகை வளையும் டேப்பை வாங்கி, மெல்லிய ஒயர்களுக்குக் கொடிபோல இரு முனையும் சேர்த்து ஒட்டியும், தடித்தவற்றுக்குச் சுற்றி ஒட்டியும் பார்த்துவருகிறேன்.