காலியிடம் பூஜ்ஜியம், ஆனால் நைட் யார் பார்ப்பது?

வேலூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலை அடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் இடம், நர்ஸ் மொத்தம் 3 பேர். போன வருடம் எங்களில் ஒருத்தி மகப்பேறு விடுப்பில் போனாள். தமிழக அரசு ஊழியருக்கு 2021 ஜூலையிலிருந்து அது 12 மாதம். நியாயமான விடுப்பு, அவள் எடுத்ததில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. மிச்சம் இருந்த 2 பேரும் பகலும் இரவும் மாறி மாறிப் பார்த்தோம்.

மாத அறிக்கை கொடுக்கப் போனபோது, "காலியிடம் எத்தனை சிஸ்டர்?" என்றார் அலுவலகத்து சார். "ஒருத்தங்க லீவுல இருக்காங்க சார்" என்றேன். "லீவுன்னா காலி இல்லையே, பூஜ்ஜியம்னு போடுங்க." விதிப்படி அவர் சொன்னது சரி. பணியிடத்தில் அவள் பெயர் இருக்கிறது, சம்பளமும் போகிறது. ஆனால் அந்தப் பூஜ்ஜியம் மாவட்ட அலுவலகம் போய், அங்கிருந்து சென்னைக்குப் போய், மற்ற மாவட்டங்களின் கணக்கோடு சேர்ந்துவிடும். 2012இல் தொடங்கிய மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எத்தனை பேரை எடுக்க வேண்டும் என்பது அப்படி மேலே போகும் காலியிடக் கணக்கை வைத்துத்தான். புதிதாக ஒரு பணியிடம் வேண்டுமென்றால் பாதை இன்னும் நீளம், நிதித்துறை சம்மதித்து அரசாணை வர வேண்டும்.

என்ன செய்வதென்று தெரியாமல், ஓய்வு பெற்ற ஒரு சீனியர் அக்காவிடம் போனில் புலம்பினேன். அவர், "காலியிடத்தை விடு, ஷிப்ட்டை எண்ணு" என்றார். மக்கள்தொகையை வைக்காமல் வேலையையும், ஒருத்தர் வருடத்தில் நிஜமாக வேலைக்கு வரக்கூடிய நாளையும் வைத்து ஆள் கணக்குப் போடும் முறை உலக சுகாதார நிறுவனத்திடமே இருக்கிறதாம்.

அன்று ராத்திரியே உட்கார்ந்தேன். ஒரு நாளைக்கு 3 ஷிப்ட், ஷிப்ட்டுக்கு ஒரே நர்ஸ் என்றாலும் வருடத்துக்கு 1,095 ஷிப்ட். 365இல் வார விடுமுறை 52, தற்செயல் விடுப்பு 12, ஈட்டிய விடுப்பு 30 கழித்தால் ஒருத்தருக்கு 271 நாள். 1,095ஐ 271ஆல் வகுத்தால் 4.04. அதாவது யாருக்கும் காய்ச்சல் வராமல், யாரும் பயிற்சிக்குப் போகாமல் இருந்தாலே 4 பேர் வேண்டும். நாங்கள் 3 பேர் முழுசாக இருந்த காலத்திலும் 813 ஷிப்ட்டுக்குத்தான் ஆள், மீதி 282ஐ எங்கள் வார விடுமுறையிலும் லீவிலும் இருந்துதான் ஈடுகட்டியிருக்கிறோம். இத்தனை வருடம் இது எனக்கு உறைக்கவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்புறம் மக்கள்தொகைக் கணக்கு. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மலையில் 20,000 பேருக்கு ஒன்று என்பது விதி. நாங்கள் சமவெளிக் கணக்கு. ஆனால் மலையிலிருந்து இறங்கி வரும் கர்ப்பிணிகள் வந்து நிற்பது எங்கள் வாசலில்தான். பிரசவப் பதிவேட்டைப் பார்த்து அவர்களை ஊர் வாரியாகப் பிரித்து ஷிப்ட் கணக்கோடு எழுதினேன், அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 108இல் கூடவே போன இரவுகளையும் தேதியோடு சேர்த்தேன், ஏனென்றால் அந்த நேரங்களில் வார்டில் நர்ஸே இல்லை.

எங்கள் டாக்டர் மேடம் இதையெல்லாம் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டார். மாத அறிக்கையோடு அனுப்பினோம். முதல் தடவை படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சரி என்று அதே படிவத்தில் பூஜ்ஜியமும் போட்டு, ஷிப்ட் கணக்கைத் தனி இணைப்பாக வைத்து மறுபடி அனுப்பினோம். ஆறு வாரம் கழித்து, இன்னொரு நிலையத்திலிருந்து ஒரு நர்ஸ் வாரத்தில் 3 நாள் மாற்றுப் பணியில் வந்தார். பாவம், அவர் கிளம்பி வந்ததால் அங்கே இப்போது அதே குறை. அந்த நிலையத்து சிஸ்டருக்கும் இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், இந்த மாத அறிக்கையோடு அவரும் இணைப்பு வைக்கிறார்.