தம்பியின் டெர்பி காரில் படித்த ஏபி பிசிக்ஸ்

ஏபி பிசிக்ஸ் 1 (அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் எழுதும் கல்லூரி நிலை இயற்பியல் தேர்வு) எழுதப்போகிறவர் வீட்டில் கப் ஸ்கவுட்ஸ் (சிறுவர் சாரணர் அமைப்பு) போகும் தம்பியோ தங்கையோ இருந்தால், அந்தப் பைன்வுட் டெர்பி காரைக் கொஞ்சம் கடன் வாங்குங்கள். 1953-இல் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் டான் மர்ஃபி தொடங்கிவைத்த போட்டி இது: சின்னப் பொம்மைக் கார்களைச் சரிவான தடத்தில் உருளவிட்டு, எது முந்துகிறது என்று பார்ப்பார்கள். பைன் மரக்கட்டைதான் உடல், ஆணிதான் அச்சு, மோட்டார் கிடையாது. எடை 5 அவுன்ஸைத் (சுமார் 142 கிராம்) தாண்டக் கூடாது. ஆற்றல், உராய்வு, சுழற்சி ஆகிய மூன்று பாடங்களையும் நான் இதை வைத்துத்தான் தெளிவாக்கிக்கொண்டேன்.

முதலில் உராய்வே இல்லை என்று வைத்து, கார் ஓடி முடிக்கும் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சரிவின் உச்சியில் கார்களைப் பிடித்துவைத்திருக்கும் தொடக்கக் கதவிலிருந்து முடிவுக்கோடு வரைதான் கணக்கு. அதற்கு அப்பால் காரை நிறுத்துவதற்காக இருக்கும் பகுதியைச் சேர்க்காதீர்கள். சரிவு 3 மீட்டர், இறக்கம் 1.2 மீட்டர், பிறகு சமதளம் 7 மீட்டர் என்று கொள்வோம். √(2gh) போட்டால் (g புவியீர்ப்பு முடுக்கம், h இறக்கம்) சரிவின் அடியில் வேகம் நொடிக்கு 4.85 மீட்டர். சரிவில் சராசரி வேகம் அதில் பாதி என்பதால் 1.24 நொடி, சமதளத்தில் 1.44 நொடி. மொத்தம் 2.68.

இதில் எடை எங்குமே வரவில்லை. பிறகு ஏன் எல்லோரும் 5 அவுன்ஸை எட்டும்வரை ஈயமும் டங்ஸ்டனும் திணிக்கிறார்கள்? காற்றுத் தடை ஒரு காரணம். இன்னொன்று சக்கரம்: ஆற்றலில் ஒரு பங்கைச் சுழலுவதற்கே எடுத்துக்கொள்கிறது. நான்கும் சேர்ந்து 10 கிராம், அதுவும் முழுக்க விளிம்பில் என்று மிகையாகவே வைத்துக்கொண்டால், 142 கிராம் கார் 152 கிராம் போல நடந்துகொள்ளும், நேரம் 2.77 ஆகும். கார் கனமானால் சக்கரம் விழுங்கும் பங்கு குறையும். தேர்வில் 'ஏன்' என்று கேட்கும் இடங்களுக்கு இந்த விளக்கம் நன்றாக உதவும்.

உராய்வை அளக்கப் பந்தயத் தடமே தேவையில்லை. ஒரு பலகையைச் சாய்த்து 10 செ.மீ. உயரத்திலிருந்து காரை வழுவழுப்பான தரையில் ஓடவிட்டு, எங்கே நிற்கிறது என்று அளந்தால் போதும். புறப்பட்ட இடத்திலிருந்து கிடைமட்டமாக 10 மீட்டர் போனால், தடைக் குணகம் (காரின் எடையில் எத்தனை பங்கு தடையாகிறது என்ற எண்) 0.1/10, அதாவது 0.01. சக்கரத்தின் சுழற்சி இங்கே குறுக்கே வராது. கார் நிற்கும்போது அந்த ஆற்றலும் உராய்வில்தான் கரைந்திருக்கும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இதே 0.01-ஐப் பந்தயத் தடத்தில் போட்டால் (கிடைமட்டத் தூரம் 9.75 மீட்டர்) கிட்டத்தட்ட 10 செ.மீ. உயரத்துக்கான ஆற்றல் வீண். சக்கரக் கணக்கையும் சேர்த்தால் முடிவுக்கோட்டில் வேகம் நொடிக்கு 4.5 மீட்டர் அளவுக்கு இறங்கும், நேரம் 2.83 நொடிக்குப் பக்கத்தில் வரும். அச்சில் உராய்வைக் குறைக்கக் கிராஃபைட் தூள் போடுவதற்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள், தம்பி உங்களைவிட ஆர்வமாகிவிடுவான்.

டைமரில் இரண்டு கார்களுக்கு இடையே 0.012 நொடி வித்தியாசம் காட்டினால் அது எவ்வளவு தூரம்? பலரும் 10 மீட்டரை மொத்த நேரத்தால் வகுத்து, வரும் சராசரி வேகத்தால் பெருக்குகிறார்கள். இடைவெளி இருப்பது முடிவுக்கோட்டில். ஆகவே அங்கே உள்ள வேகத்தால்தான் பெருக்க வேண்டும். 4.5 × 0.012 = 5.4 செ.மீ. ஆயிரத்தில் ஒரு நொடி என்றால் நாலரை மில்லிமீட்டர்தான். அந்த வேகத்தை நேராக அளக்க, கோட்டுக்கு முன்னால் 1 மீட்டர் குறித்துவிட்டு, போனில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷனை வைத்துப் படங்களை எண்ணுங்கள். 52 படம் என்றால் வேகம் 4.6. கையில் ஸ்டாப்வாட்ச் பிடித்து எடுத்த நேரத்தை நம்பாதீர்கள். கை தாமதிப்பதே 0.2 நொடி ஆகிவிடும்.

அந்த 0.012 சும்மா எடுத்த எண் இல்லை. காருக்குள் எடையை நகர்த்தி நிறை மையத்தை 5 செ.மீ. பின்னால் கொண்டுபோனால், இந்தச் சரிவில் அது 2 செ.மீ. கூடுதல் உயரத்தில் தொடங்கும், உராய்வில்லாக் கணக்கில் ஏறக்குறைய அவ்வளவு நேரம் மிச்சமாகும். ரொம்பப் பின்னால் தள்ளினால் முன்சக்கரம் தூக்கித் தடுமாறும், பார்த்துச் செய்யுங்கள்.

சோதனை வடிவமைப்புக் கேள்விக்கும் இந்தப் பலகைச் சோதனையே போதும். உயரத்தை மாற்றி மாற்றி விட்டு, கிடைமட்டத் தூரத்தை உயரத்துக்கு எதிராக வரைபடத்தில் குறியுங்கள். நேர்கோடு வந்தால் அதன் சாய்வின் தலைகீழ்தான் தடைக் குணகம். அதிக உயரத்தில் கோடு கீழே வளைந்தால், காற்றுத் தடையை ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.