சுண்டைக்காய் கால் பணம்

நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு ‘டக்’ என்று ஒரு சத்தம். மூன்று வாரமாகக் காத்திருந்த சத்தம். என் டெலிகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டாரில், தந்திகளைத் தாங்குகிற பிரிட்ஜின் மேல், அதன் மூடி உட்கார்ந்துவிட்டது. “என்னத்தடா போட்டு உடைச்சே?” என்று அடுத்த அறையிலிருந்து அம்மா கேட்டதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பழைய டெலிகாஸ்டர் படங்களில் பார்த்திருப்பீர்கள். வலது உள்ளங்கை படுகிற இடத்தில், பளபளவென்று கவிழ்த்து வைத்த குரோம் கிண்ணம். 1950களில் கிட்டாரோடு சேர்ந்தே அது கடைக்கு வரும். வாங்கியவர்கள் முதல் வேலையாக அதைக் கழற்றி, மல்லாத்தி, சிகரெட் சாம்பலைத் தட்டினார்கள். அதனால் இன்றுவரை அதற்குப் பெயர் ஆஷ்ட்ரே. ஊரே கழற்றிப் போட்டதை எழுபது வருஷம் கழித்துக் காசு கொடுத்து மாட்டுகிறவன் நான்.

மூடி வந்தது, பிடிமானம் இல்லை. பழைய பிரிட்ஜ் தகட்டுக்கு இரு பக்கமும் குட்டிச்சுவர் மாதிரி விளிம்பு நிற்கும்; மூடி அதைத்தான் கவ்விக்கொள்ளும். என்னுடையது தந்திக்கு ஒன்றாக ஆறு சேடில், அதாவது தந்தி உட்காரும் குட்டிக் கட்டை, வைத்த புது மாதிரி, மொட்டைத் தகடு. சரி, பழைய மாதிரி பிரிட்ஜையே வாங்குவோம் என்று வாங்கினேன். திருகுத் துளை ஒத்துப்போகவில்லை. ரிப்பேர் பார்க்கிற தம்பி டிரில்லைக் கையில் வைத்துக்கொண்டு, “மூடிக்காகவாண்ணே?” என்று இரண்டு தடவை கேட்டான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வீட்டில் சுண்டைக்காய் விலையை மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பிரிட்ஜில் பித்தளை சேடில் மூன்றுதான். ஆறு தந்திக்கு மூன்று. ஒரு தந்திக்காகச் சேடிலை நகர்த்திச் சுருதி சேர்த்தால், அதே சேடிலில் இருக்கிற இன்னொரு தந்தி கோணிக்கொள்ளும். ஒரே பாத்ரூம் வைத்த கூட்டுக் குடும்பம். அதையும் ஒருவழியாகச் சமாதானப்படுத்தி மூடியை மாட்டினால், தடித்த தந்தியைத் தட்டும்போதெல்லாம் உள்ளே வண்டு புகுந்த மாதிரி ‘கிர்ர்’. இன்சுலேஷன் டேப்பை ஓரத்தில் ஒட்டிய பிறகுதான் அந்தப் பதினோரு மணி ‘டக்’.

அப்புறம் வாசிக்க உட்கார்ந்தேன். கை வைக்க இடமில்லை! பிரிட்ஜில் உள்ளங்கையை ஊன்றித் தந்தியை லேசாக அமுக்கி வாசிப்பதுதான் என் மொத்த வித்தையில் பாதி. மீதிப் பாதி சத்தத்தைக் கூட்டி வைப்பது. இந்தக் கிட்டாரை உருவாக்கிய லியோ ஃபெண்டர், கலிஃபோர்னியாவில் ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்தவர்; அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. தந்தியின் அதிர்வைக் கரண்டாக மாற்றுகிற பிக்கப் அடியில் இருக்கிறது; அதற்கு உலோக மூடி போட்டால் கரண்ட் இரைச்சல் குறையும் என்பது ரேடியோக்காரர் கணக்கு. கணக்கு சரிதான், கையைத்தான் மறந்துவிட்டார். பத்தே நிமிஷத்தில் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் மேஜைமேல் மூடியைக் காணோம். பூஜை அலமாரியில், முருகன் படத்துக்குக் கீழே, மல்லாந்து பளபளத்துக்கொண்டிருந்தது. உள்ளே வழிய வழியப் பழனி விபூதி.

“கிண்ணம் நல்ல கனமா இருக்குடா, அசைய மாட்டேங்குது” என்று என் நெற்றியில் பட்டையாக இழுத்துவிட்டு அம்மா கேட்டார்: “இன்னொண்ணு கிடைக்குமா? குங்குமத்துக்கு வேணும்.”