ஒரு மூடித் தண்ணீர்

அம்மா நேர்ந்துகொண்டதை நான் முடித்துவைக்க ஆறு வருஷம் ஆயிற்று.

2019-இல் என் வீட்டுக்காரருக்குக் கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் தொடங்கினார்கள். இரண்டாவது வாரமே குழாய் வழியாகக் கிருமி ஏறிவிட்டது. நான்கு போர்வை போர்த்தியும் கட்டிலே ஆடுகிற மாதிரி நடுங்கினார். வராந்தாவில் உட்கார்ந்திருந்த அம்மா, "அன்னம்மாத் தாயே, எம் மருமவனை எழுப்பிக் குடு. பாடாங் செராய்லேருந்து ஒங்கோயிலுக்கு வெறுங்காலோட நடந்தே வர்றேன்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மா ஒன்றும் புரியாமலே "அமின்" என்றார். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது.

அம்மாவுக்கு அப்போது 71 வயது. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தே முழங்கால் இரண்டும் போயிருந்தது. அவர் சொன்னது மலேசியாவில், பினாங்கின் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிற அன்னம்மாள் கோயில். மரியாளின் தாயான அன்னம்மாளுக்கு ஜூலை 26 திருவிழா. அடுத்த திருவிழாவுக்குப் போகலாம் என்றார். அடுத்த ஆண்டு கோவிட், எல்லாவற்றையும் அலைபேசியில்தான் பார்த்தோம். அதற்கும் அடுத்த ஆண்டு அம்மா இல்லை. கடன் என் தலைக்கு வந்தது. ஒவ்வொரு ஜூலையிலும் ஏதோ ஒன்று குறுக்கே நின்றது. சில வருஷம் குறுக்கே நின்றது என் கோபம்தான். யாருக்கு நன்றி சொல்லப் போவது, எதற்கு என்று இருந்தது.

இந்த ஜூலை 26 சனிக்கிழமையில் வந்தது. அவருக்குத் திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். வெள்ளிக்கிழமை மெஷினிலிருந்து இறங்கிவிட்டால் சனி, ஞாயிறு கொஞ்சம் மூச்சுவிடலாம். இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று கிளம்பிவிட்டேன். துணைக்குத் தம்பியும் அவன் மகளும். வீட்டுக்காரரை மகன் காலையில் காரில் அழைத்துவருவதாகப் பேச்சு.

வெறுங்கால் விஷயத்தை முன்னாடியே ஃபாதரிடம் கேட்டுவைத்தேன். "செருப்புப் போட்டுக்கம்மா, அன்னம்மா உன் காலையா பார்க்கப் போறா" என்று சிரித்தார். எனக்கு மனசு ஒப்பவில்லை. கடைசி ஒரு கிலோமீட்டர் வெறுங்காலாக நடப்பது என்று நானே ஒரு சமாதானம் செய்துகொண்டேன்.

நள்ளிரவு தாண்டி பாடாங் செராய் கடைவீதியை விட்டோம். லுனாஸ், கூலிம், அப்புறம் கெடா மாநில எல்லை தாண்டி பினாங்குப் பக்கம். எப்படியும் 25 கிலோமீட்டருக்குக் குறையாது. லாரிகள் உரசிக்கொண்டு போயின. நாய்கள் வேறு. தம்பி மகள் ஒரு கையில் செபமாலையும் ஒரு கையில் குச்சியும் வைத்துக்கொண்டு வந்தாள்.

லுனாஸ் தாண்டி ஓரிடத்தில் சாலையோரம் கொஞ்சம் பால்மரம் இன்னும் நிற்கிறது. மற்ற இடமெல்லாம் செம்பனை, இல்லையென்றால் வீடு. அந்த இருட்டுக்குள் ஒரே ஒரு நெற்றி விளக்கு மரத்துக்கு மரம் நகர்ந்துகொண்டிருந்தது. யாரோ மரம் வெட்டுகிறார்கள். ஒரு மரத்தடியில் கொஞ்ச நேரம் நிற்கும், உளி போகும், பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்தைத் திருப்பி வைக்கும், அடுத்த மரத்துக்கு நகரும். நான் நின்றுவிட்டேன். அம்மா 30 வருஷத்துக்கு மேல் இந்த நேரத்தில்தான் எழுந்து, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போனார்.

எங்கள் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கோயில் இருந்தது. தகரக் கூரை, இரண்டு பக்கச் சுவரிலும் சிலுவைப்பாதைப் படங்கள் 14. தவக்காலத்தில் அவற்றைத் துடைப்பது அம்மாவின் வேலை. மற்றப் படங்களை மேலோட்டமாகத் துடைப்பவர் ஐந்தாவது படத்திடம் மட்டும் நின்றுவிடுவார். சீரேன் ஊர் சீமோன் இயேசுவின் சிலுவையைத் தூக்குகிற படம். "இந்தாளு நம்ம மாதிரிடி. வயல்லேருந்து வேலை முடிச்சு வந்த ஆளு. எவனோ புடிச்சுத் தூக்குடான்னுட்டான்" என்பார். தோட்டத்தை விற்று, கோயிலை இடித்து, படங்களை ஆளுக்கொன்றாய்க் கொடுத்தபோது அம்மா சண்டை போட்டு அந்தப் படத்தை வாங்கிக்கொண்டார். இப்போது அது எங்கள் வீட்டுக் குளிர்பெட்டிக்கு மேலே தொங்குகிறது. கண்ணாடியில் ஒரு மூலை விரிசல்.

அந்தப் படத்துக்குக் கீழேதான் ஒரு நாள் நான் அழுதேன். தூரத்து உறவுக்காரர் சிலர் ஜெபிக்கிறோம் என்று வீட்டுக்கு வந்தார்கள். ஜெபித்தார்கள், சரி. கிளம்பும்போது ஒருவர், "குடும்பத்துல அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கு, இல்லேன்னா விசுவாசம் பத்தல" என்றார். கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். ஊசி குத்திக் குத்தி வீங்கிப்போன கை அது. பிறவியிலேயே பார்வையற்றவனைக் காட்டி, பாவம் செய்தது இவனா இவன் பெற்றோரா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றுதானே ஆண்டவர் சொன்னார்? அதை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லத் தெரியவில்லை எனக்கு. அவர்கள் குடித்துவிட்டுப் போன தே-ஓ கிளாஸைக் கழுவிக்கொண்டே அழுதேன். நிமிர்ந்தால் சீமோன்.

அதற்குப் பிறகுதான் சீமோனைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். அவர் தியாகம் செய்யப் போகவில்லை. யாரும் அவரிடம் சம்மதமா என்று கேட்கவில்லை. குற்றவாளியின் மரத்தைத் தோளில் ஏற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கொஞ்ச தூரம் ஆண்டவருக்கு இவ்வளவு பக்கத்தில் நடந்தவர் வேறு யாரும் இல்லை. பாரத்தில் பாதி இவர் தோளில், பாதி அவர் தோளில். சீடர்கள் எல்லாரும் எங்கேயோ ஓடிப்போயிருந்தார்கள்.

மாற்கு நற்செய்தியில் மட்டும் ஒரு சின்ன விவரம் வருகிறது. சீமோன், அலக்சாந்தர், ரூபு என்பவர்களின் தந்தை என்று. ஃபாதரிடம் கேட்டேன். வாசிப்பவர்களுக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரிந்திருக்கும், அதனால்தான் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார் என்றார். உரோமையருக்கு எழுதின கடிதத்தின் கடைசியிலும் ஒரு ரூபு வருகிறார். அவருடைய அம்மா தனக்கும் அம்மா மாதிரி என்று பவுல் வாழ்த்துச் சொல்கிறார். இரண்டு ரூபுவும் ஒருவர்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, பலர் அப்படி நம்புகிறார்கள் என்றார் ஃபாதர். நான் நம்புகிறேன். எனக்கு அந்த அம்மா வேண்டும். அன்றைக்குச் சாயங்காலம் புருஷன் தோளில் வேறொருவர் ரத்தத்தோடு வீட்டுக்கு வந்திருப்பார். அந்தச் சட்டையைத் துவைத்தது அவள்தானே? அவளைப் பற்றி எங்கும் ஒரு வரி இல்லை, இந்த வாழ்த்தைத் தவிர. ஆனால் அந்த வீட்டிலிருந்து விசுவாசம் கிளம்பி எங்கேயோ போயிருக்கிறது.

சரி, நடையை விட்டு எங்கேயோ போய்விட்டேன். கூலிம் வரும்போது கால் கொப்புளம் கட்டிவிட்டது. ஒரு கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டு, அங்கேயே பத்து நிமிஷம் மேசையில் தலை வைத்துத் தூங்கினேன். எப்போதும் டயாலிசிஸுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வருகிற அதே கூலிம்தான். நடந்து வந்தால் வேறு ஊர்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய வீவா. தொடக்கத்தில் நானும் அவரும் மட்டும்தான். பிறகு எங்கள் பழைய தோட்டத்து அக்கா ஒருவர் ஏறிக்கொண்டார். அங்கே பஸ் கிடையாது, மகன் சிங்கப்பூரில். பிறகு லுனாஸ் பக்கம் ஒரு பக்சிக், மலாய்க்காரப் பெரியவர். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மெஷினில், போக வர எங்கள் நாலு பேர் கதை. வெள்ளிக்கிழமை இறங்கும்போது அக்கா 5 வெள்ளி (ரிங்கிட்) நோட்டைச் சுருட்டி என் கையில் வைத்து, "எம் பேருக்கு ஒரு திரி ஏத்திடு" என்றார். பக்சிக் ஒன்றும் கொடுக்கவில்லை. "ஹத்தி-ஹத்தி" என்றார். பார்த்துப் போ என்று. இவர்களை நான் தேடிப் போகவில்லை. இந்த நோய் வராமல் இருந்திருந்தால் அந்த அக்காவைக் கடைவீதியில் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

கோயிலை நெருங்க நெருங்க எரிச்சல்தான் வந்தது, உள்ளதைச் சொன்னால். லட்சம் பேர் வருகிற திருவிழா என்பார்கள். அன்றைக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் வந்த மாதிரி இருந்தது. காலி மனைக்கு முன்னால் கொடியசைத்து, கார் நிறுத்த 20 வெள்ளி என்று ஒருவர் மகனிடம் பிடுங்கியிருக்கிறார். ஒரு பையன் அன்னம்மாள் படம் ஒட்டிய காலி போத்தலை 5 வெள்ளிக்கு விற்றான். தண்ணீர் உள்ளே இலவசம், போத்தலுக்குத்தான் காசாம். மெழுகுவர்த்தி விற்ற அம்மா, "பெருசா வாங்குங்க, வேண்டுதல் பெருசுதானே?" என்றார். சின்னதாகத்தான் வாங்கினேன். எனக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று.

கடைசி ஒரு கிலோமீட்டர் சொன்னபடி வெறுங்கால். தார் அதற்குள் சுடத் தொடங்கியிருந்தது. கொப்புளம் உடைந்து, நடக்க நடக்க ஒட்டியது. இரண்டு பேர் தள்ளுவண்டியில் ஒரு தாத்தாவைத் தள்ளிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள். தம்பி மகள், "அத்தை, செருப்புப் போட்டுக்குங்க, பாட்டி ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. பேசினால் அழுகை வரும்.

சுரூபத்துக்கு முன்னால் வரிசை நகரவே ஒரு மணி நேரம் ஆயிற்று. எனக்கு முன்னால் ஒரு சீனப் பெண், பின்னால் பொட்டு வைத்த ஒரு குடும்பம், மல்லிகைச் சரத்தோடு. எல்லாருக்கும் தாய்தான். என் முறை வந்தது. ஆறு வருஷமாகச் சேர்த்துவைத்தது எல்லாம் இருந்தது. கேட்டேன். வெட்கமில்லாமல் கேட்டேன், சிறுநீரகம் கிடைக்கட்டும், அவர் கை தாங்கட்டும், மகனுக்கு வேலை நிரந்தரமாகட்டும் என்று. அக்கா பெயரைச் சொன்னேன். பக்சிக் பெயரையும் சொன்னேன், அவருக்குத் தெரியாமல். பிறகு, "அம்மா சொன்னது முடிஞ்சுது தாயே" என்றேன். பின்னாலிருந்து யாரோ தள்ளினார்கள். அவ்வளவுதான், வெளியே வந்துவிட்டேன்.

1888-இல் கட்டிய பழைய கோயில் பக்கம் வந்தபோது மகனும் அவரும் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். மலை ஊற்றுத் தண்ணீருக்குக் கூட்டம். சின்ன வயசில் அம்மா இங்கே அழைத்து வந்தபோது தலையோடு ஊற்றி, வாய் நிறையக் குடிக்கவைத்தது நினைவுக்கு வந்தது. சுற்றிலும் எல்லாரும் அப்படித்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள், கடகடவென்று, தாடை வழிய. அவருக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் கணக்கு. காப்பி, ரசம், மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் அதற்குள். வெயில் நாளில் ஒரு ஐஸ் கட்டியை வாயில் வைத்துக்கொண்டு மத்தியானத்தை ஓட்டிவிடுவார். மெஷினுக்குப் போன நாளிலிருந்து அவர் தண்ணீர் குடிக்கிற சத்தத்தை நான் கேட்டதில்லை.

நான் போத்தலை நிரப்பிக்கொண்டு வந்தேன். அவர் போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஊத்து" என்றார். வாயில் ஊற்றப் போனேன். இல்லை என்று தலையாட்டி, மூடியை நீட்டினார். நீல மூடி. அது நிறைய ஊற்றினேன். ஒரு சொட்டும் சிந்தாமல் இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு சிலுவை போட்டார். குடித்துவிடுவார் என்று நினைத்தேன். அதிலே விரலை நனைத்து, கீழே குனிந்து, என் கால் கொப்புளத்தில் தொட்டு வைத்தார். மீதியைத்தான் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, நாக்கில் வெகுநேரம் வைத்திருந்து. தொண்டை அசைந்ததைப் பார்த்தேன்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"தண்ணி மாதிரி இருக்கு" என்றார்.

அந்த இடத்தில் எனக்கு என்ன ஆயிற்று என்று எழுதத் தெரியவில்லை. அவர் கையைப் பிடித்தேன். முழங்கைக்குக் கீழே, ரத்தக்குழாயை இணைத்த இடத்தில், தொட்டால் வண்டு போல ஒரு அதிர்வு ஓடிக்கொண்டே இருக்கும். ஓடுகிறதா என்று தினமும் ராத்திரி தொட்டுப் பார்ப்பேன், நின்றுவிட்டால் ஆபத்து. பயத்தோடுதான் தொட்டுப் பழக்கம். அன்றைக்கு அது ஓடிக்கொண்டிருந்தது. தாயே, ஆறு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மா கேட்டது இதைத்தானே? எழுப்பிக் குடு என்றுதானே கேட்டார். எழுப்பிக் கொடுத்திருந்ததை நான் இத்தனை நாளாய் எண்ணிப் பார்க்கவே இல்லை. ஸ்தோத்திரம், ஆயிரம் ஸ்தோத்திரம். எத்தனை ராத்திரி, எத்தனை ஊசி, எத்தனை தடவை அந்த வீவா ஸ்டார்ட் ஆனது!

மெழுகுவர்த்திப் பவனிவரை இருக்க முடியவில்லை. அவருக்குக் களைப்பு, எனக்குக் கால். வழியில் ஒரு கடையில் நூடுல்ஸ் போட்ட மீ சூப் சாப்பிட்டோம். சாறு வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

திங்கட்கிழமை விடியற்காலை எடை பார்த்த மிஸ்ஸி, டயாலிசிஸ் நர்ஸ், புருவத்தைத் தூக்கினார். "2.6 கிலோ ஏறியிருக்கு. அங்கிள், என்ன குடிச்சீங்க?"

"ஒரு மூடித் தண்ணி" என்றார் அவர்.

"ஒரு கிண்ணம் மீ சூப்பும்" என்றேன் நான்.

அடுத்த நாற்காலியில் ஊசிக்குக் கை நீட்டியிருந்த அக்கா சிரித்தார். அப்புறம் மற்றக் கையை என் பக்கம் நீட்டினார். "போத்தல் கொண்டாந்திருக்கியா? எனக்கும் ஒரு மூடி ஊத்து."