ஒரு பிள்ளையைத் தூக்கிவிட ஒரு தெரு வேண்டும்

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர் காசிமா மூன்று தங்கம் வாங்கினார். மறுநாள் எங்கே பார்த்தாலும் ஒரே வரிதான்: ஆட்டோ ஓட்டுநர் மகள் வறுமையை வென்றார். உண்மைதான், அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். ஆனால் அந்த வீட்டில் அண்ணனும் கேரம் ஆடுகிறவர் என்பதையும், இந்த வடசென்னையில் பல வருஷமாகத் தெருத்தெருவாகப் பிள்ளைகளுக்குக் கேரம் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறார்கள் என்பதையும் எத்தனை பேர் எழுதினார்கள்? 2008-லேயே வியாசர்பாடி இளவழகி உலகச் சாம்பியன் ஆகிவிட்டார். ஒரே பக்கத்திலிருந்து இப்படித் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அதைத் தனி ஆளின் மன உறுதி என்று மட்டும் சொல்லி முடிக்க எனக்கு மனசு வரவில்லை.

நான் வளர்ந்ததும் இந்தப் பக்கம்தான். ஒரே அறை வீடு, சமையல், தூக்கம், படிப்பு எல்லாம் அதற்குள்ளேயே, அதனால் பிள்ளைகள் வளர்வது பெரும்பாலும் வெளியில்தான். கேரம் கிளப் என்றால் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரு போர்டு, மேலே கம்பியில் தொங்கும் பல்பு, போரிக் பவுடர், சுற்றி நிற்கக் கொஞ்சம் இடம், அவ்வளவுதான். சின்னப் பசங்கள் முதலில் நின்று பார்க்கவேண்டும், காயின் அடுக்கவேண்டும், போர்டைத் துடைக்கவேண்டும், அப்புறம் அண்ணன்கள் டீ குடிக்கப் போகிற நேரத்தில்தான் ஸ்ட்ரைக்கர் கைக்கு வரும். அன்றைக்கு ஸ்கூலுக்கு மட்டம் போட்டவனை எங்கள் கிளப் அண்ணன் உள்ளே விடவே மாட்டார். அதே தெருவில் ஒரு அக்கா வேலையிலிருந்து வந்து, முகம் கழுவிவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து எங்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பார். அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. என்னோடு அந்தப் படியில் படித்தவர்களில் நர்ஸ் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார்.

ஃபுட்பாலும் அப்படித்தான். 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணி அதே ஊர் மோகன் பகானை 1-0 என்று ஜெயித்தபோது அந்த ஒரு கோலை அடித்த நந்தகுமார் வியாசர்பாடிப் பையன். சாயங்காலம் முல்லை நகர் மைதானம் பக்கம் போய்ப் பாருங்கள், பெரிய பசங்கள் சின்னப் பசங்களை நிற்கவைத்துப் பந்து தட்டக் கற்றுக்கொடுப்பார்கள்.

அதனால்தான் குடும்பங்களை மொத்தமாகப் பெயர்த்து ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடும்போது எனக்குக் கோபம் வருகிறது. 2019 கடைசியில் கூவம் கரையோரச் சத்தியவாணி முத்து நகர்க்காரர்களைத் தெற்கே ஊர்க்கடைசியில் இருக்கும் பெரும்பாக்கத்துக்கு அனுப்ப ஆரம்பித்தது பள்ளிக்கூட வருஷத்தின் நடுவில், பரீட்சைக்குச் சில மாதம் முன்னால். வீடு கிடைக்கும், சரி. அந்த அக்கா? அந்த அண்ணன்? அப்பா அம்மா வேலை பார்க்கிற இடம்? இதையெல்லாம் எந்த லாரியில் ஏற்றுவது?

ஆனாலும் போன இடத்திலும் பிள்ளைகள் விட்டுவிடுவதில்லை. 2000-க்குப் பிறகு இப்படிக் குடியமர்த்தப்பட்ட கண்ணகி நகரில் வேலைக்கு அப்ளிகேஷன் போடும்போது வேறு அட்ரஸ் எழுதுகிற பிள்ளைகள் உண்டு, ஏரியா பேரைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடும் என்பதால். அதே ஊர்ப் பெண் கார்த்திகா 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியக் கபடி அணியோடு தங்கம் வாங்கினார். இன்றைக்கு அவரைக் கண்ணகி நகர் கார்த்திகா என்றுதான் நாடே கூப்பிடுகிறது. அந்தப் பேரோடு ஊர்ப் பேரும் சேர்ந்து வந்ததைப் பார்த்து நான் அழுதேவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்களில் சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்கள் இருந்தால், வடசென்னையிலோ பெரும்பாக்கத்திலோ ஏற்கெனவே நடக்கிற ஒரு இரவுப் பாடசாலையைத் தேடிப் போங்கள். புதிதாக எதுவும் ஆரம்பிக்க வேண்டாம், அங்கே ஏற்கெனவே ஒரு அக்கா உட்கார்ந்திருப்பார். அவருக்கு என்ன தேவை என்று கேளுங்கள்.