'ஜம்ப்' டெக்: ஒருவழியாக அட்டை கழன்றது

ஆங்கி என்ற மனப்பாடக் கார்டு செயலியில் கட்டிக்கொண்டிருக்கும் கொலொகேஷன் (ஆங்கிலத்தில் எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பது) டெக்கில், அதாவது கார்டுக் கட்டில், குதிப்பது பற்றிய பகுதி ஒருவழியாக நிலைக்கு வந்துவிட்டது. இத்தனை நாள் இழுத்தடித்தது "ஜம்ப் அட் தி சான்ஸ்" என்ற ஒரே கார்டு. அமைப்பை மாற்றாமல் விட்டால், 8 முறை தவறியதும் ஆங்கி 'லீச்' (அட்டைப்பூச்சி) என்று முத்திரை குத்திவிடும் அல்லவா, இதற்கும் அது விழுந்தது. அட்டையே அட்டையாகிவிட்டது என்று வீட்டில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

கோடிட்ட இடத்தில் விடையைத் தட்டச்சு செய்கிற வகைக் கார்டு அது. வினைச்சொல்தான் மறைந்திருக்கும். நான் 'லீப்' (இதற்கும் குதிப்பது என்றுதான் பொருள்) என்று அடிப்பேன். ஆங்கி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுச் சிவப்பில் காட்டும். ஆனால் "லீப் அட் தி சான்ஸ்" என்பதும் நல்ல ஆங்கிலம்தானே! "ஜம்ப் டு கன்க்ளூஷன்ஸ்" கார்டிலும் இதே கதை, அங்கும் லீப் போகும். முதல் எழுத்தைக் குறிப்பாகக் கொடுத்துப் பார்த்தேன். அப்புறம் கண் அந்த எழுத்தை மட்டும்தான் பார்க்கிறது, வாக்கியத்தைப் படிப்பதே இல்லை.

கடைசியில் கார்டுகளை இரண்டாகப் பிரித்தேன். "ஜம்ப் தி கன்", "ஜம்ப் தி க்யூ", "ஜம்ப் ஷிப்", "ஜம்ப் த்ரூ ஹூப்ஸ்" இவற்றில் லீப் எட்டிக்கூடப் பார்க்காது. "லீப் ஆஃப் ஃபெய்த்", "பை லீப்ஸ் அண்ட் பவுண்ட்ஸ்" இரண்டிலும் ஜம்ப் வராது. இங்கெல்லாம் அந்தச் சொல்லையே மறைக்கலாம். இரண்டும் செல்லுபடியாகிற தொடரில் வினையைக் காட்டிவிட்டு, பின்னால் வரும் குட்டிச் சொல்லை மறைக்க வேண்டும். சான்ஸுக்கு 'அட்', கன்க்ளூஷனுக்கு 'டு'. நாம் தடுமாறுவதும் அங்கேதான். மாற்றியதிலிருந்து சிவப்பு வரவில்லை.

'க்யூ' தொடருக்கு (வரிசையில் இடையே புகுவது) பிரிட்டிஷ் என்று டேக் போட்டுவிடுங்கள். அமெரிக்காவில் "கட் இன் லைன்" என்பார்கள்.

எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்கு ஸ்கெல் தளம் போதும். இலவசம், ஒரு தேடலுக்கு 40 வாக்கியம் வரை தரும். ஆனால் மனதில் நின்றவை தடகளத்திலிருந்து நானே எழுதியவை. "ஜம்ப் தி கன்" கார்டில் 2011 டேகு உலகப் போட்டி: 100 மீட்டர் இறுதியில் துப்பாக்கி வெடிக்கும் முன்பே பாய்ந்து வெளியேற்றப்பட்ட உசைன் போல்ட். "க்ளியர் தி பார்" கார்டில் 1968 மெக்சிகோவில் மூன்றாவது முயற்சியில் 2.24 மீட்டரைத் தாண்டிய உயரம் தாண்டுதல் வீரர் ஃபாஸ்பரி. 'ஹாப்' கார்டுக்கு மும்முறைத் தாண்டுதல்: முதல் தாவலில் எந்தக் காலால் எம்புகிறோமோ அதே காலில்தான் இறங்க வேண்டும். இதைப் படமாகப் போட்ட பிறகு 'ஸ்கிப்'போடு குழம்பவே இல்லை.

ஆக்ஸ்ஃபோர்டு கொலொகேஷன்ஸ் அகராதியின் 2009 பதிப்பும் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. உள்ளே இருக்க வேண்டிய சிடியைக் காணோம். "நீங்க புத்தகம்தானே சார் கேட்டீங்க" என்றார் கடைக்காரர். சரி, என் லேப்டாப்பில் சிடி போடவும் இடமில்லை.

'ஸ்கிப்' கார்டுகள் பாதியில் நிற்கின்றன. அதற்குள் குதிரையேற்றத் தொடர்கள் பக்கம் கை போய்விட்டது: "க்ளியர் எ ஃபென்ஸ்", "டேக் எ ஃபென்ஸ்", குதிரை மறுத்து நின்றால் "ரெஃப்யூஸ் எ ஃபென்ஸ்". இந்த வகையில் டெக் வைத்திருப்பவர்கள் பகிர்ந்தால் என் 'ஜம்ப்' டெக்கைப் பதிலுக்குத் தருகிறேன்.